கடல் கடந்த நற்காட்சி

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் முதலில் வைத்து எண்ணப்படுவது நற்காட்சி. அந்நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் உண்டென அருங்கலச்செப்பு வகுத்துரைக்கிறது. எட்டனுள்ளும் தலையாயது ஐயமின்மை. ஐயம் அகன்ற நெஞ்சில் அச்சத்திற்கு இடமில்லை. ஆதலின், நற்காட்சி உடையோர் ஏழு வகை அச்சங்களினின்றும் நீங்கியவர் எனச் சமயசாரத்தில் அறுதியிட்டுரைத்தார், பொன்னூர் மலையில் திருவடி வைத்துப் போற்றப்படும் குந்தகுந்தாசாரியர். இம்மையைப் பற்றிய அச்சம், மறுமையைப் பற்றிய அச்சம், காப்பார் இல்லையே என்னும் அச்சம், ஒதுங்கப் புகலிடம் இல்லையே என்னும் அச்சம், நோய்த் துன்பத்திற்கு அஞ்சுதல், இறப்பிற்கு அஞ்சுதல், எதிர்பாராத இடருக்கு அஞ்சுதல் என உரையாசிரியர்கள் அவ்வேழையும் விரித்துரைப்பர்.

மனிதர் அஞ்சுவன பலவற்றுள்ளும் மாற்றம் ஒன்று. பழகிய ஊரை விடுதல், கைவந்த தொழிலை விடுதல், முன்னோர் செல்லாத வழியிற் செல்லுதல் ஆகிய யாவும் நெஞ்சை நடுக்குவன. ஆயினும் மாற்றத்தைப் பகையென்று ஜினாகமம் கூறவில்லை. தோற்றம், கேடு, நிலைபேறு ஆகிய மூன்றும் ஒருங்கே உடையதே உள்பொருள் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கொள்கை. பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்யும்போது குடம் அழிகிறது, மகுடம் தோன்றுகிறது, பொன் மட்டும் மாறாது நிற்கிறது. ஆப்தமீமாம்சையில் சமந்தபத்திரர் காட்டும் இவ்வுவமை பொருள்களின் இயல்பை மட்டும் விளக்குவதன்று. வாழ்க்கைக்கும் வழி காட்டுவது. எது குடம், எது பொன் என்று பிரித்தறியும் தெளிவு உள்ளவனுக்கு மாற்றம் அச்சம் தராது.

இத்தெளிவோடு வாழ்ந்த இல்லறத்தார் ஒருவரின் வரலாறு, தொழிலையும் ஊரையும் மாற்ற வேண்டிய நிலையில் நிற்கும் இக்காலச் சிராவகர்க்குப் பெரிதும் பயன்படும். அவர் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. சுவேதாம்பர மரபில் பிறந்தவராயினும், திகம்பரரும் சுவேதாம்பரரும் ஒருங்கே வணங்கும் திருத்தலம் ஒன்றிற்கு அவர் ஆற்றிய தொண்டினால் ஜைன உலகம் முழுவதற்கும் உரியவரானார்.

மகுவாவில் பிறந்த மாணவர்

கத்தியவாரில் கடலை அடுத்த மகுவா என்னும் ஊரில் 1864 ஆகஸ்ட் 25 அன்று வீர்சந்த் பிறந்தார். தந்தை ராகவ்ஜி நகை வணிகர். மகுவாவிலும் பவநகரிலும் பள்ளிக் கல்வி முடித்த வீர்சந்த், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1884-இல் சிறப்புத் தகுதியுடன் பி.ஏ. பட்டம் பெற்றார். ஜைனரிடையே பட்டதாரிகள் மிக அரியராய் இருந்த காலம் அது. மறு ஆண்டே, இருபத்தோராம் வயதில், இந்திய ஜைன சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

அவருடைய பிழைப்பிற்குரிய வழி சட்டமே. பம்பாயில் சொலிசிட்டர் தேர்வுக்கு அவர் ஆயத்தமாகி வந்தார். இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, பம்பாயில் வழக்கின்றி வாடிக்கொண்டிருந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்திக்கு அந்நாட்களில் வாய்த்த நண்பர்களுள் வீர்சந்தும் ஒருவர். பெரிய வழக்கறிஞர்களின் திறமையையும் அவர்கள் முன்னுக்கு வரக் காத்திருந்த ஆண்டுகளையும் எடுத்துச் சொல்லி வந்த நண்பராக அவரைத் தமது தன்வரலாற்றில் அண்ணல் நினைவுகூர்கிறார். அத்தொழிலின் அருமையை அறிந்தே அதில் முன்னேறிக்கொண்டிருந்தவர், அறத்தின் அழைப்பு வந்தபோதெல்லாம் தம் தேர்வை ஒதுக்கி வைத்துவிட்டுப் புறப்பட்டார் என்பதே அவர் வாழ்வில் முதலிற் கருதத்தக்கது.

இரு மலைகளுக்காக

முதல் அழைப்பு சத்ருஞ்ஜய மலையிலிருந்து வந்தது. அம்மலை அமைந்த பாலிதானா சமஸ்தானம், யாத்திரிகர் தலைக்கு இரண்டு ரூபாய் வரி விதித்திருந்தது. எளிய குடும்பங்களுக்கு அத்தொகை பெருஞ்சுமை. ஒரு சமஸ்தானத்தின் ஆட்சியாளரோடு அவருடைய எல்லைக்குள்ளேயே முரண்படுவது அக்காலத்தில் எளிய செயலன்று. இளைஞரான வீர்சந்த் பம்பாய் ஆளுநர் ரே பிரபுவையும் கத்தியவார் ஏஜென்சியைச் சேர்ந்த கர்னல் வாட்சனையும் கண்டு முறையிட்டார். 1886-இல் உடன்பாடு ஏற்பட்டது. தலைவரி நீங்கியது, அதற்கு ஈடாக ஆண்டுக்கு 15,000 ரூபாய் வீதம் நாற்பது ஆண்டுகளுக்கு ஜைன சமுதாயம் செலுத்துவதென முடிவாயிற்று.

இரண்டாம் அழைப்பு சம்மேத சிகரத்திலிருந்து வந்தது. இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய அம்மலையை வாழ்வில் ஒருமுறையேனும் வலம் வர வேண்டும் என்று தமிழகத்தின் ஒவ்வொரு ஜைனக் குடும்பமும் விழைவது. அத்தகைய மலையில் போடம் என்னும் ஆங்கிலேயர் பன்றிக் கொழுப்பு எடுக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். ஓர் எறும்பும் நோகக்கூடாதென நோக்கி நடக்கும் யாத்திரிகர்களின் பாதையருகே உயிர்க்கொலை நிகழ்ந்தது.

வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றத்தை அடைந்தது. வழக்கிற்குரிய பழைய ஆவணங்கள் வங்காள மொழியில் இருந்தன. வீர்சந்துக்கு அம்மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளரின் சொல்லை நம்பி வழக்கைக் கொண்டு செல்ல அவர் விரும்பவில்லை. கல்கத்தாவிலேயே மாதக்கணக்கில் தங்கி வங்காள மொழியைக் கற்று, ஆவணங்களைத் தாமே படித்துணர்ந்து சான்றுகளைத் திரட்டித் தந்தார். மலையின் புனிதம் ஏற்கப்பட்டது, ஆலை மூடப்பட்டது. கொலைக்களத்தை மூடுவதற்கு அவர் கையாண்ட கருவி ஓர் அயல்மொழியின் அகரவரிசை. அறியாத ஒன்றைக் கண்டு ஒதுங்காமல், அதனைக் கற்று வெல்லும் இவ்வியல்பே பின்னர் அவரைக் கடலுக்கு அப்பாலும் கொண்டு சென்றது.

சிகாகோவிலிருந்து வந்த அழைப்பு

1893-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகச் சமயங்களின் பேரவை கூடுவதாயிற்று. ஜைனத்தின் சார்பில் பங்கேற்குமாறு பேரவைக் குழுவினர் அழைத்தது, ஆத்மாராம்ஜி எனப் புகழ்பெற்ற விஜயானந்த சூரியை. பஞ்சாபில் பிறந்த அவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஸ்தானகவாசிப் பிரிவில் துறவியாக இருந்தவர். நூல்களை ஆராய்ந்து தெளிந்தபின், உடனிருந்த துறவியர் பலரோடு திருவுருவ வழிபாட்டு மரபிற்கு வந்து மீண்டும் தீட்சை பெற்றவர். பழகிய நெறியை விட்டு, உண்மையெனத் தெளிந்த நெறிக்கு வருவதன் வலியும் அதற்கு வேண்டிய துணிவும் அவ்வாசாரியர் தம் வாழ்வில் கண்டவை.

ஜைனத் துறவி கால்நடையாகவே செல்ல வேண்டும். ஊர்தியோ கப்பலோ ஏறுதல் விரதத்திற்கு மாறு. ஆதலின் அவர் செல்ல இயலாது. ஆனால், தாம் செல்ல இயலாமையைக் காரணமாக்கி அழைப்பையே மறுத்துவிட அவர் எண்ணவில்லை. தம் சார்பில் இல்லறத்தார் ஒருவரை அனுப்பத் துணிந்து, வீர்சந்தை வரவழைத்துச் சில காலம் தம்மிடம் வைத்து, பேரவையில் எழக்கூடிய வினாக்களுக்கெல்லாம் விடை தந்து பயிற்றினார். சிகாகோ பிரச்னோத்தர் என்னும் நூல் அந்த ஆயத்தத்தின் பயனாக எழுந்தது.

அப்பொழுது வீர்சந்துக்கு வயது இருபத்தொன்பது கூட நிறையவில்லை. மனைவியும் குடும்பமும் உண்டு. முடிக்க வேண்டிய தேர்வும் உண்டு. இவற்றை விடப் பெரிய தடை, கடல் கடந்தால் சாதியை விட்டு விலக்குவர் என்னும் அச்சம். அது வெறும் மிரட்டலன்று. ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1888-இல், படிக்க இங்கிலாந்து சென்ற மோகன்தாஸ் காந்தியை அவருடைய மோத் வணிகச் சாதியார் விலக்கி வைத்த செய்தி கத்தியவார் முழுவதும் அறிந்தது. விலக்குண்டவர் வீட்டில் சாதியார் உண்ணமாட்டார். அவ்வீட்டு மக்களுக்குப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அரிதாகும். ஆகவே அவ்வச்சம் ஒருவரோடு நில்லாமல் ஒரு குடும்பத்தின் வருங்காலத்தையே தொடுவது.

கடல் தீட்டா?

இவ்விடத்தில் நூல் சொல்வது எது, வழக்கம் சொல்வது எது எனப் பிரித்து நோக்குதல் வேண்டும். இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் திசைவிரதம் ஒன்று. இன்ன திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்வதில்லை எனத் தனக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்வது அது. எல்லைக்கு அப்பால் உள்ள உயிர்களுக்குத் தன்னால் தீங்கு நேராதிருக்கவும், பொருளாசை எல்லையின்றிப் பெருகாதிருக்கவும் ஏற்பட்ட விரதம். அந்த எல்லையை ஒருவர் தாமே வகுத்துக்கொள்கிறார். அதன் வேர் அகிம்சை. கடல் தீட்டுடையது என்பதோ, கடல் கடந்தவன் இழிந்தவன் என்பதோ அவ்விரதத்தின் கருத்தன்று.

தமிழ்ச் சமணர் போற்றும் சீவகசிந்தாமணியும் இதற்குச் சான்று. இராசமாபுரத்து வணிகன் சீதத்தன் மரக்கலம் ஏறிப் பொருள் தேடச் செல்கிறான். கடல் சென்றதற்காகத் திருத்தக்கதேவர் அவனைப் பழிக்கவில்லை. அவனுடைய பயணத்தின் வழியாகவே காந்தருவதத்தை இராசமாபுரம் வந்து சேர்கிறாள். வணிகமும் கடற்பயணமும் ஜைன இல்லறத்திற்குப் புதியனவல்ல. இடையில் வந்த வழக்கம் ஒன்று, நாளடைவில் அறத்தின் ஆடையைப் போர்த்துக்கொண்டு அச்சமாய் நின்றது.

வீர்சந்தும் அவர் ஆசாரியரும் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர்கள். துறவிக்குக் கப்பல் விலக்கு. அது விரதம், மாறாதது. இல்லறத்தானுக்குக் கடல் விலக்கு என்பது வழக்கம், மாறக்கூடியது. முன்னதை ஆசாரியர் சிறிதும் தளர்த்தவில்லை. பின்னதை மாணவர் சிறிதும் பொருட்படுத்தவில்லை.

தலைப்பாகையும் விரதமும்

1893 செப்டம்பர் 11 அன்று பேரவை தொடங்கியது. கத்தியவார்த் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்து மேடையேறிய வீர்சந்த், ஜைனத்தின் சார்பில் வணக்கம் கூறினார். பௌத்தத்தினும் பழைமையான சமயம் ஜைனம் என்றும், இந்தியாவில் பதினைந்து லட்சம் அமைதியான குடிமக்கள் போற்றுவது என்றும் அவர் எடுத்துரைத்தார். ஜைனம் பௌத்தத்தின் கிளையென மேலைநாட்டாரிடையே பரவியிருந்த கருத்தைக் கருதினால் அச்சிறு கூற்றின் பெருமை விளங்கும். அந்நாட்களில் எடுத்த புகைப்படம் ஒன்றில் விவேகானந்தரோடும் இலங்கையைச் சேர்ந்த அநாகாரிக தர்மபாலரோடும் ஒரே வரிசையில் அவர் அமர்ந்திருப்பதை இன்றும் காணலாம்.

பேரவையின் இறுதி நாட்களில் லண்டனிலிருந்து வந்திருந்த பெந்தகாஸ்ட் என்னும் பாதிரியார் இந்துக் கோயில்களையும் அவற்றில் தொண்டு செய்த பெண்களையும் இழித்துப் பேசினார். ஜைனத்தைப் பற்றி ஒரு சொல்லும் அவர் கூறவில்லை. வீர்சந்த் வாளாவிருந்திருக்கலாம். ஆயினும் செப்டம்பர் 25 அன்று ஜைன தத்துவத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி உரையாற்ற எழுந்தபோது, முதலில் அவ்விழிசொல்லுக்கு மறுமொழி கூறிவிட்டே தம் பொருளைத் தொடங்கினார். தம் சமயத்தில் ஐயமின்றி நின்றவர்க்கே பிற சமயத்தாரின் மானத்தைக் காக்கவும் துணிவு பிறக்கும்.

பேரவை முடிந்தபின் பல நகரங்களில் அவர் உரையாற்றினார். கடுங்குளிர் நாட்டில் புலால் நீக்கி வாழ்தல் அக்காலத்தில் எளிதன்று. இதற்கு அவர் காலத்துச் சான்றே உள்ளது. 1894-இன் பிற்பகுதியில் ஜூனாகட் திவானுக்கு விவேகானந்தர் எழுதிய கடிதத்தில், அக்கொடுங்குளிரிலும் காய்கறி உணவன்றி வேறெதையும் தொடாத வீர்சந்தைப் பாராட்டுகிறார். அந்நாட்டு மக்கள் அவரை விரும்புவதையும் குறிப்பிடுகிறார். அவரை அனுப்பியவர்களோ அவரைச் சாதியை விட்டு விலக்க முயல்கின்றனரே என வருந்துகிறார்.

திரும்பி வந்தபோது

அவ்வருத்தம் மெய்யாயிற்று. 1895-இல் வீர்சந்த் தாயகம் திரும்பியபோது வரவேற்பும் எதிர்ப்பும் ஒருங்கே காத்திருந்தன. கடல் கடந்தவரைச் சங்கத்தினின்று விலக்க வேண்டும் என ஒரு சாரார் முழங்கினர். அறத்தை விளக்கச் சென்றவர் தண்டனைக்குரியவரல்லர் என ஆத்மாராம்ஜி அவர் பக்கம் நின்றார். அருங்கலச்செப்பு கூறும் எட்டு உறுப்புகளுள் அறம் விளக்கல் ஒன்று. தளர்ந்தாரை நிலைநிறுத்தல் மற்றொன்று. முன்னதை மாணவர் சிகாகோவில் செய்தார். பின்னதை ஆசாரியர் தாயகத்தில் செய்தார். ஒருவன் துணிந்து செல்வதற்கு அவன் நெஞ்சுரம் மட்டும் போதாது. திரும்பி வருங்கால் தாங்கிக்கொள்ளும் ஒரு கரமும் வேண்டும்.

1896-இல் அவ்வாசாரியர் மறைந்தார். வீர்சந்த் மீண்டும் மேல்நாடு சென்றார். அக்காலத்தில் இந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. சமய உரைகளைக் கேட்க வந்தவர்களிடம் அவர் பசித்தோர்க்காகக் கையேந்தினார். அதன் பயனாக அமெரிக்காவிலிருந்து தானியக் கப்பல் ஒன்று கல்கத்தாவுக்கு வந்தது. கடல் கடந்ததற்காகப் பழிக்கப்பட்டவரின் முயற்சியால், அதே கடல்வழியே உணவு வந்தது.

லண்டனில் ஹெர்பர்ட் வாரன் என்னும் ஆங்கிலேயர் அவர் உரைகளைக் கேட்டுப் புலால் நீக்கி, ஜைன விரதங்களை மேற்கொண்டார். வீர்சந்திடம் கற்றவற்றை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய நூல் 1912-இல் வெளிவந்தது. அதனைக் காண வீர்சந்த் இல்லை. 1901 ஆகஸ்ட் 7 அன்று, முப்பத்தேழு வயது நிறையச் சில நாட்களே இருக்கையில், அவர் உயிர் நீத்தார். ஓய்வின்றி உழைத்த உடல் முன்னரே ஓய்ந்தது. அவரைத் தொழில்முறையில் வெற்றி பெற்ற வழக்கறிஞரென்று வரலாறு குறிக்கவில்லை. பொருள் சேர்த்தவரென்றும் குறிக்கவில்லை. துணிவுக்குரிய விலையை அவரும் அவர் குடும்பமும் முழுமையாகவே கொடுத்தனர் என்பதையும் மறைத்தலாகாது.

2002-இல் இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. சிகாகோவை அடுத்த பார்ட்லெட் ஜைனக் கோயில் வளாகத்தில் அவர் சிலை நிற்கிறது. கடல் கடந்தால் சமயம் கெடும் என்று சொல்லப்பட்ட அதே நாட்டில் இன்று ஜினாலயங்கள் எழுந்து நிற்கின்றன.

குடமும் பொன்னும்

1893-ஆம் ஆண்டு இரு காந்திகளைக் கடல் கடக்கச் செய்தது. பம்பாயில் வழக்கின்றி வாடிய மோகன்தாஸ் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். தேர்வை ஒதுக்கி வைத்த வீர்சந்த் அமெரிக்காவுக்குச் சென்றார். முன்னவர் 1888-இல் முதன்முறை கப்பலேறுமுன் பேசர்ஜி சுவாமி என்னும் ஜைனத் துறவியின் முன்னிலையில், மதுவும் புலாலும் மாதர் உறவும் தீண்டுவதில்லை எனத் தம் அன்னைக்கு வாக்களித்துச் சென்றவர். இருவரும் ஊரை மாற்றினர், தொழிலின் போக்கை மாற்றினர், சாதியின் கட்டளையை மீறினர். இருவரும் தாம் ஏற்ற விரதத்தை மட்டும் மாற்றவில்லை. அவ்விரதமே அயல்நாட்டில் அவர்களுக்குத் துணையாய் நின்றது.

தமிழகத்து ஜைனக் குடும்பங்களும் இதே வினாவின் முன் நிற்பவையே. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டங்களில் உழவே வாழ்வாக இருந்த குடும்பங்களின் மக்கள் ஆசிரியராய், பொறியாளராய், மருத்துவராய்ச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடலுக்கு அப்பாலும் சென்றுள்ளனர். நிலத்தை விட்டுச் செல்கையில் கோயிலையும் விட்டுவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். இரவு நேரப் பணியில் பொழுதுசாயுமுன் உண்ணும் நியமம் நிற்குமோ என்று இளையோர் அஞ்சுகின்றனர். புதிய தொழிலில் தோற்றால் ஊர் என்ன சொல்லும் என்று நடுவயதினர் அஞ்சுகின்றனர். குந்தகுந்தர் கூறிய ஏழனுள் இம்மை பற்றிய அச்சம் என்பது இதுவே.

இவ்வச்சத்திற்கு மருந்து, மாற்றமே வேண்டாமென ஊரிலேயே தங்கிவிடுவதும் அன்று; எல்லாவற்றையும் களைந்துவிட்டு ஓடுவதும் அன்று. ஊர், தொழில், உடை, மொழி ஆகியவை குடத்தின் வடிவுகள். கொல்லாமை, வாய்மை, அளவோடு வாழ்தல், உயிர்கள் மாட்டு அருள் ஆகியவை பொன். வடிவு மாறும்போது பொன்னின் எடை குறைகிறதா என்று நோக்க வேண்டுமேயன்றி, வடிவு மாறுகிறதே என்று வருந்துதல் தகாது. வீட்டில் இளையவர் ஒருவர் புதிய ஊருக்கோ புதிய தொழிலுக்கோ புறப்படும்போது, போகலாமா கூடாதா என்னும் வினாவோடு, உடன் எடுத்துச் செல்லும் விரதம் எது என்னும் வினாவையும் குடும்பத்தார் கேட்பாராயின், அச்சம் பாதி நீங்கிவிடும். அவர் தளர்ந்து திரும்பும் நாளில் பழிக்காமல் தாங்கிக்கொள்ளும் சங்கமும் இருக்குமாயின், எஞ்சிய பாதியும் நீங்கிவிடும்.